குட்டிக்கு முதல் கடிவாளம்: எந்தக் கம்பி, எந்த முறை?

தலையில் மாட்டும் வாரையும் வாய்க்குள் போகும் கம்பியையும் சேர்த்துக் கடிவாளம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இளம் மட்டக்குதிரைக்கோ இரண்டும் வேறு வேறு சங்கதிகள். தலைக்கயிறு பழகிய குட்டி வாரை இரண்டு நாளில் மறந்துவிடும். கம்பியை அப்படி மறக்காது. ஆகவே ஒன்றைத் தலைவார் என்றும் மற்றதை வாய்க்கம்பி என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

கம்பி வாங்குவதற்கு முன் குட்டியின் வாயைப் பார்க்க வேண்டும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு இருக்கிறது. கம்பி தங்குமிடம் அதுதான். கடைவாய்ப் பற்களுக்குச் சற்று முன்னால், பெரும்பாலும் மேல்தாடையில், ஓநாய்ப்பல் என்ற சின்னஞ்சிறு பல் சில குட்டிகளுக்கு முளைத்திருக்கும். கம்பி அதில் இடித்தால் குட்டி தலையை உதறும், நாம் அதைப் பிடிவாதம் என்போம். இரண்டரை வயதிலிருந்து நான்கு வயதுவரை கடைவாய்ப் பால்பற்களும் விழுந்துகொண்டிருக்கும். கால்நடை மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும். ஈறு புண்ணாக இருந்தால் எந்தக் கம்பியும் வேண்டாம். மூக்குவாரில் கயிறு கோத்து நடத்தினால் போதும்.

இனி கம்பிகள். ரப்பர் போர்த்திய நேர்கம்பியைத்தான் பலரும் முதலில் எடுக்கிறார்கள். கைக்கு மெத்தென்று இருப்பது வாய்க்கும் மெத்தென்று இருக்கும் என்ற கணக்கு அது. மட்டக்குதிரையின் வாய் சிறியது, நாக்கு தடித்தது. பருமனான கம்பிக்கு உள்ளே இடமே இல்லை. எச்சில் ஊறாத வாயில் ரப்பர் உதட்டைப் பிடித்து இழுக்கவும் செய்யும். பருமன் குறைந்த, வழுவழுப்பான எஃகுக் கம்பியே பல குட்டிகளுக்கு இதைவிட இதமானது.

சாவிக்கம்பி பழைய தலைமுறைக்குப் பிடித்தது. நடுவில் மூன்று சிறு தகடுகள் தொங்கும். குட்டி அவற்றை நாக்கால் உருட்டி விளையாட, எச்சில் ஊறும். சிலநாள் பழக்கத்துக்குச் சரி. ஆனால் உருட்டக் கற்ற நாக்கு பிறகு சும்மா இருப்பதில்லை. நாக்கைப் பின்னால் சுருட்டிக் கம்பிக்கு மேலே கொண்டுவரும் வித்தையைக் கற்றுக்கொண்ட ஒரு குட்டியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதிலிருந்து நான் சாவிக்கம்பியைத் தொடுவதில்லை.

மிச்சம் இருப்பவை ஒற்றை மூட்டும் இரட்டை மூட்டும். ஒற்றை மூட்டுக் கம்பி, இரு பக்கமும் இழுத்தால் மடிந்து நாக்கின் ஓரங்களையும் ஈற்றையும் நெருக்கும். இரட்டை மூட்டில் நடுவே ஒரு சிறு துண்டு நாக்கின்மேல் படிந்திருக்கும், அழுத்தம் பரவும். என் தேர்வு இதுதான், நடுத்துண்டு உருண்டையாக இருந்தால் மட்டும். கடையில் இதனோடு டாக்டர் பிரிஸ்டல் என்ற கம்பியும் தொங்கும். பார்வைக்கு இரண்டும் உடன்பிறப்புகள். ஆனால் பிரிஸ்டலின் நடுத்தகடு சாய்வாக வைத்துச் செய்யப்பட்டது. அதன் விளிம்பு நாக்கில் அழுந்தும். வாங்கும்போது கம்பியை முன்னங்கையின்மேல் போட்டு இருபுறமும் இழுத்துப் பாருங்கள், வித்தியாசம் தோலுக்கே தெரியும்.

கம்பியின் இரு முனையிலும் இருக்கும் வளையத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. தளர்வளையம் சுழலும்போது உதட்டோரத்தைக் கிள்ளக்கூடும். முட்டை வடிவ நிலைவளையம் கிள்ளாது, அசையாமலும் நிற்கும். அளவு முக்கியம்: இரு உதட்டோரங்களிலும் சில மில்லிமீட்டர் இடைவெளி போதும். உதட்டோரத்தில் ஒரு சுருக்கம் விழும் உயரத்தில் கட்டுங்கள். இரக்கப்பட்டுத் தாழ்வாகத் தொங்கவிட்டால், நாக்கை மேலே போட நாமே கதவு திறந்துவிட்டதாகிவிடும்.

மாட்டும் முறையிலும் இரண்டு கட்சிகள். முழுக் கடிவாளத்தையும் ஒரே மூச்சில் மாட்டுவது வேகமான வழி. கம்பி பல்லில் மோதும் அதே நேரத்தில் காதும் மடங்கும், இரண்டு தொல்லையும் சேர்ந்து ஒரே நினைவாகப் பதியும். நான் கம்பியில்லாத தலைவாரை முதலில் மாட்டிச் சில நாள் விடுவேன். பிறகு கம்பியை ஒரு பக்கம் மட்டும் கோத்து, உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, பல்லில்லாத ஈற்றில் கட்டைவிரலை வைப்பேன். வாய் தானாகத் திறக்கும். கம்பி உள்ளே போனதும் மறுபக்கக் கொக்கி. நேரம் கூடுதல்தான். காது தொடப்படுவதே இல்லை என்பதால் தலை உயர்வதும் இல்லை.

கம்பியில் தேன் தடவலாமா? முதல் இரண்டு நாள் தடவலாம், அதன்பின் குட்டி கம்பியை விட்டுவிட்டுத் தேனைத் தேடத் தொடங்கும். கடிவாளத்தோடு பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கட்டும், கையில் பிடிக்கும் கடிவாளவார் வேண்டாம், குட்டியை எங்கும் கட்டிப்போடவும் வேண்டாம். கழற்றும்போது அவசரம் கூடாது. குட்டி தானே வாயைத் திறந்து கம்பியை விடும்வரை வாரைக் கையில் தாங்கிக்கொண்டு நில்லுங்கள். சட்டென்று உருவினால் கம்பி முன்பல்லில் இடிக்கும், மறுநாள் குட்டி லாயத்தின் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.