ஜோடி சேராத ஜோடிகள்: பாண்டி உப்புக் காற்றில் கோணங்கிக் காலணிகள்

இந்த ஊரில் செருப்பு காலில் இருக்கும் நேரத்தைவிட வாசலில் கிடக்கும் நேரம்தான் அதிகம். மணக்குள விநாயகர் கோயில், அரவிந்தர் ஆசிரமம், பல் டாக்டர், பிள்ளையை ட்யூஷனுக்கு விடும் வீடு, ஜாக்கெட் தைக்கிற அக்கா வீடு என்று ஒரு நாளைக்கு எத்தனை வாசல்! ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திருக்குள் போனால் செருப்பைக் கழற்றுவதோடு வெள்ளை சாக்ஸையும் மாட்டச் சொல்வார்கள். அதனால் வெளிநாட்டுக்காரர்கள் யூட்யூபில் போடும் ஷூ ரிவியூக்களில் எனக்குத் தேவையான பாதி விஷயம் இருக்காது. உச்சி வெயிலில் வாசலில் கிடந்தால் என்ன ஆகும், ஐப்பசி அடைமழையில் நனைந்தது எப்போது காயும், கையில் பையும் பிள்ளையும் இருக்கும்போது குனியாமல் கழற்ற முடியுமா, திரும்பி வரும்போது செருப்பு அங்கே இருக்குமா? இந்தக் கேள்விகளோடு சில வருடங்களாகப் போட்டுத் தேய்த்த அனுபவம் இது.

வீடு கடலூர் மஞ்சக்குப்பம். வேலை பாண்டியில் புஸ்ஸி வீதிப் பக்கம். காலையில் பஸ், இறங்கி நடை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் அங்கேயும் கொஞ்ச நேரம் நடை. காலில் மட்டும் எப்போதும் ஏதாவது ஒரு கோணங்கித்தனம் இருக்கும். கறுப்பு பெல்லி, பிரவுன் சாண்டல் என்று வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை, நிறைய பரிதாபம்.

இப்போது அதிகம் போடுவது காம்பர் கம்பெனியின் 'ட்வின்ஸ்'. ஸ்பெயினின் மயோர்க்கா தீவைச் சேர்ந்த ஃப்ளூக்சா குடும்பம் 1877-லிருந்து ஷூ செய்கிறது. அந்தக் குடும்பத்தின் லொரென்சோ ஃப்ளூக்சா 1975-ல் தொடங்கியதுதான் காம்பர். 1988-ல் அவர்கள் கொண்டுவந்த யோசனை ட்வின்ஸ்: இடது ஒரு மாதிரி, வலது வேறு மாதிரி, இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் படம் முழுசாகும். என் ஜோடியில் ஒரு கொடி இடது காலில் கிளம்பி வலது காலில் பூக்கிறது. சித்தி வாழ்க்கைப்பட்டது சொல்தா குடும்பத்தில், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தில், அவர் மகள் இருப்பது பாரிஸ் பக்கம். பிரான்சில் ஜனவரியிலும் கோடையிலும் அரசாங்கமே தேதி குறித்து நான்கு வாரம் தள்ளுபடி விற்பனை நடத்தவிடும். அந்தச் சமயம் பார்த்து வாங்கிவைத்து, லீவுக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வருவாள். பாண்டியில் பாதிப் பேருக்கு வெளிநாட்டு சென்ட்டும் சாக்லேட்டும் வருவது இப்படித்தான், எனக்குச் செருப்பு.

முதல் தடவை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனபோது செருப்பு வாங்கி வைக்கிற அம்மா ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, தூக்கக் கலக்கத்துல மாத்திப் போட்டுக்கினு வந்துட்டியா?" இல்லைக்கா, இதுவே இப்படித்தான் என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த தடவை பக்கத்திலிருந்தவரிடம் "இந்தப் பொண்ணு அன்னிக்கே இப்படித்தான் வந்துச்சி, வீட்ல யாரும் சொல்றதில்ல போல" என்றார். ஆனால் ஒரு லாபம் உண்டு. எந்தக் கூட்டத்திலும் இந்த ஜோடி காணாமல் போனதில்லை. எடுக்க நினைக்கிறவருக்கும் இரண்டும் ஒரே ஆளுடையது என்று தோன்றாது போல.

உழைப்பைப் பற்றி: மாட்டி இழுத்தால் போதும், குனிய வேண்டாம். உள்ளே இருக்கும் மெத்தை தனியாகக் கழன்று வருகிறது. மழைக்காலத்தில் இதைவிடப் பெரிய வசதி கிடையாது. மெத்தையை எடுத்து மின்விசிறிக்குக் கீழே போட்டுவிட்டு, ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் மறுநாள் காலை போடலாம். கோணங்கிக் காலணி எதை வாங்கினாலும் உள்மெத்தை கழலுமா என்று முதலில் விரலை விட்டுப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

அடுத்தது ஃப்ளூவாக். கனடாவில் வான்கூவரில் 1970-ல் பீட்டர் ஃபாக்ஸ் என்பவரோடு சேர்ந்து கடை போட்ட ஜான் ஃப்ளூவாக், பிறகு தனியாக நடத்தும் கம்பெனி. வளைந்து நிற்கும் ஹீல், கதைப் புத்தகத்துச் சூனியக்காரி போடுகிற மாதிரி மூக்கு. பெரிய ஊர்களில் சில கடைகள், அதற்கென்றே அலையும் ஒரு ரசிகர் கூட்டம். தம்பி அங்கே வேலைக்குப் போன வருஷம் வாங்கி அனுப்பினான். இதன் ரப்பர் சோலில் ஒரு வாசகம் அச்சாகியிருக்கும்: காரம், தண்ணீர், அமிலம், களைப்பு, சாத்தான் இத்தனையையும் தாங்கும் என்று. திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்பு தைக்கிற அண்ணாவிடம் குதிகாலுக்கு ஒரு துண்டு ரப்பர் வைக்கக் கொடுத்தபோது, இன்னாம்மா எழுதியிருக்கு என்று கேட்டார். சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எல்லாம் சரிம்மா. உப்பு எழுதலியே. நம்மூர்ல அதானே முதல்ல தின்னும்."

அவர் சொன்னதுதான் இந்த ஊர் அனுபவத்தின் சாரம். கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வந்து அப்படியே ரேக்கில் வைத்தால், காலணியில் படிந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. முதலில் போவது பக்கிள். பளபளவென்று முலாம் பூசிய இரும்பு பக்கிள் ஒரு கார்த்திகையைத் தாண்டாது. துரு இறங்கி வாரையும் கறையாக்கும். நான் ஹேண்ட்பேகில் சின்னக் காந்தம் ஒன்று வைத்திருக்கிறேன். கடையில் பக்கிள் மேல் வைத்துப் பார்ப்பேன். ஒட்டிக்கொண்டால் இரும்பு, எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுவேன். பித்தளையில் காந்தம் ஒட்டாது. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, நிழலில் காற்றாட ஒரு மணி நேரம். தோல் செருப்பை வெயிலில் காயவைத்தால் மொறுமொறுத்து வெடிக்கும். அட்டைப்பெட்டியிலோ பிளாஸ்டிக் கவரிலோ மூடிவைத்தால் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும். திறந்த ரேக்தான் சரி.

இதைவிட மோசமான எதிரி ஒன்று உண்டு, அது வெளியே தெரியாது. ஒரு பிரபலக் கம்பெனியின் பாதி விலைத் தள்ளுபடியில் சென்னையில் வாங்கிய ஜோடி அது, பேர் வேண்டாம். மஞ்சள் தோல், தடிமனான வெள்ளை அடி, பக்கவாட்டில் பெரிய கண் ஒன்று வரைந்திருக்கும். கல்யாணத்துக்கு என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். மண்டபத்துப் படியில் ஏறும்போதே அடி ஊறின ரஸ்க் மாதிரி உதிர ஆரம்பித்தது. பந்திக்குப் போகும்போது கார்பெட் மேல் என் பாதச்சுவடு வெள்ளைத் தூளாக விழுந்துகொண்டே வந்தது. கடையில் கேட்டால் வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள்.

காரணம் பி.யூ. சோல், அதாவது பாலியூரித்தேன் நுரை. ரொம்ப இலேசாக, மெத்தென்று இருக்கும். காற்றிலிருக்கும் ஈரம் அதன் வேதிப் பிணைப்பை மெதுவாக அறுக்கும். சூடும் புழுக்கமும் சேர்ந்தால் வேகம் கூடும். போடாமல் உள்ளே வைத்திருந்தாலும் இது நடக்கும் என்பதுதான் கொடுமை. பீரோவில் பத்திரமாக இருந்த ஜோடிதான் பெரும்பாலும் முதல் நாளே உதிர்கிறது. ஆகவே தள்ளுபடியில் வாங்குகிறவர்கள் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியில் போட்டிருக்கும் தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் பாருங்கள். பி.யூ. அடியாக இருந்து, குடோனில் பல வருடம் கிடந்த சரக்காகவும் இருந்தால், அந்தத் தள்ளுபடி நமக்கு வேண்டாம். இயற்கை ரப்பருக்கோ டி.பி.ஆர். என்கிற செயற்கை ரப்பர் சோலுக்கோ இந்த வியாதி கிடையாது. மேலே எவ்வளவு கிறுக்குத்தனம் வேண்டுமானாலும் இருக்கட்டும், அடி மட்டும் சாதாரண ரப்பராகவும் முடிந்தால் தையல் போட்டதாகவும் இருக்க வேண்டும். வெறும் பசையில் ஒட்டியது பிரிந்தால் நம் அண்ணா சொல்யூஷன் போட்டு ஒட்டித் தருவார், அடுத்த மழைக்கு மறுபடியும் பிரியும். தையல் போட்ட சோலைப் பிரித்து வேறு மாற்றலாம்.

இங்கிலாந்தின் பிரைட்டனில் டான் சல்லிவன் 1999-ல் தொடங்கிய இர்ரெகுலர் சாய்ஸ் பற்றிக் கேட்பீர்கள். ஹீலே முயலாக, யூனிகார்னாக இருக்குமே, அதுதான். படங்களைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். ஆனால் நெரிசல் நேரத்தில் கடலூர் பஸ் படிக்கட்டில் குதிகாலில் யூனிகார்னோடு தொங்குவதை யோசித்தேன், ஆசையைத் தள்ளி வைத்தேன். கார் வைத்திருப்பவர்கள் வாங்குங்கள், எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.

சைஸ் விஷயம் கொஞ்சம் படுத்தும். ஐரோப்பிய அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு வித்தியாசம். நாம் இங்கே பழகியிருக்கும் பிரிட்டிஷ் அளவில் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் நேருக்கு நேர் பொருந்தாது, அட்டவணையை நம்பி வாங்கினால் அரை சைஸ் எங்காவது இடிக்கும். நீளம் சரியாக வந்தாலும் அகலம் வராது. சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், இந்தியக் கால்களுக்கென்று தனி அளவுமுறை வகுக்க நாடு முழுவதும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. நம் பாதம் முன்பக்கம் அகலம் என்பது அதில் தெரிந்தது. அந்த முறைக்கு 'பா' என்று பெயர். அது கடைக்கு வரும்வரை, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்கள் சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் தாளில் பாதத்தை வரைந்து, நீளத்தோடு அகலத்தையும் அனுப்புங்கள்.

பாண்டிக் கடைகளுக்கு வருவோம். இங்கே தோல் என்றாலே 1978-ல் திலீப் கபூர் தொடங்கிய ஹைடிசைன்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும், ஆனால் நான் அங்கே போவது பைக்காக. ஒயிட் டவுன் பூட்டிக்குகளில் ஒன்றிரண்டு ஜோடி கண்ணில் படும், விலை டூரிஸ்ட் விலை. நேரு வீதிக் கடைகளில் எல்லாம் ஒரே மாதிரி. உண்மையான வேட்டை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில்தான். குவியலுக்குள் கையை விட்டால் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஏற்றுமதிச் சரக்கு என்று சொல்லி விற்கிற ஷூக்கள் அகப்படும். ஊதா நிறத் தோல், தப்பான இடத்தில் ஒரு பட்டன், யாரோ ஒரு டிசைனர் சாம்பிளுக்குச் செய்து பார்த்துவிட்டது போல ஏதாவது ஒன்று. ஜோடி கிடைக்கும், உங்கள் சைஸ் கிடைக்காது. சைஸ் கிடைத்தால் இடது மட்டும் இருக்கும். ட்வின்ஸ் போடுகிறவளுக்கு அதில் ஒன்றும் தயக்கமில்லை, ஆனால் இரண்டு இடதுகாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைசியாக, நான் மிகவும் மெச்சும் ஜோடி. குறிஞ்சிப்பாடிக் கைலி கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் மாவட்டத்துத் தறிச் சரக்கு. பச்சையும் மெஜந்தாவும் கட்டம் போட்ட கைலி ஒன்றை வாங்கி, டயர் ரப்பர் அடியில் முன்பக்கம் மூடிய செருப்பாகத் தைத்துத் தரச் சொல்லி அதே திருப்பாப்புலியூர் அண்ணாவிடம் போனேன். "கைலியக் கால்ல போடுவியா? எங்கப்பா இருந்தா அடிச்சிருப்பாரு" என்றார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. துணி தனியாக நின்றால் இழுத்துக்கொள்ளும் என்று உள்ளே கேன்வாஸ் கொடுத்தார். வலதில் கட்டத்தை நேராகவும் இடதில் குறுக்காகவும் வைக்கச் சொன்னேன். அதற்கும் ஒரு முறைப்பு. இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. பெருவிரல் பக்கம் துணி நைந்ததும் மேல்பாகத்தை மட்டும் புதுக் கைலியில் மாற்றிக்கொண்டேன். டயர் அடி இன்னும் புதுசு போலவே இருக்கிறது. மொத்தச் செலவு ஆயிரத்தைத் தாண்டவில்லை. 2025 ஜூனில் மிலான் மேடையில் பிராடா காட்டிய செருப்பு நம் கோலாப்பூரியைப் போலவே இருக்கிறதென்று பெரிய சர்ச்சை நடந்ததே, அந்தச் சமயத்தில் என் காலைக் காட்டி "உன்னோடதையும் எவனாவது காப்பியடிக்கப் போறான் பாரு" என்று ஆபீஸில் ஒரே கேலி.

இப்படித் தைக்க நினைப்பவர்களுக்கு: துணியை முன்னமே இரண்டு தடவை அலசிக் காயவைத்துக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் முதல் மழையில் பாதமெல்லாம் மெஜந்தா. காலுக்குச் சரியாக இருக்கும் பழைய செருப்பு ஒன்றும் கையோடு வேண்டும், வரைபடத்தைவிட அதைத்தான் அவர்கள் நம்புவார்கள். பக்கிள் வைப்பதென்றால் பித்தளை என்று சொல்லிவிடுங்கள், காந்தத்தை எடுத்துக் காட்டினால் பேரம்கூடக் குறையும். ஜூன் மாத ஆரம்பத்தில் மட்டும் போக வேண்டாம். பள்ளிக்கூடம் திறந்த கையோடு பை ஜிப்பும் பிள்ளைகள் ஷூவும் மலையாகக் குவிந்திருக்கும், கைலியை நீட்டினால் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.