குடும்ப நல நீதிமன்றத்தின் சந்திப்பு அறையும் ஆலோசகரும்: ஓராண்டு அனுபவம்

கணவரும் நானும் பிரிந்தபின், ஏழு வயது மகள் தன் அப்பாவைப் பார்ப்பதற்காக எங்கள் மாவட்டக் குடும்ப நல நீதிமன்றத்தின் சந்திப்பு அறைக்கு ஓராண்டாக மாதம் இருமுறை அவளை அழைத்துச் செல்கிறேன். இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு உதவும் என்பதால் அங்கே கண்டதை எழுதுகிறேன்.

அறை குழந்தைகளுக்கு ஏற்றதாக இல்லை. வாய்தாவுக்கு வந்தவர்கள் வாக்குவாதம் செய்யும் தாழ்வாரத்தை ஒட்டியே அது இருக்கிறது. சில நாட்களில் நான்கு குடும்பங்கள் ஒரே நேரத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. விளையாட்டுச் சாமான் என்றால் சக்கரம் கழன்ற இரண்டு கார்கள்தான்.

ஆலோசகரின் பணியோ என் எதிர்பார்ப்பைத் தாண்டியது. பெண் குழந்தை என்றால் தாயிடம்தான் விடுவார்கள் என்று உறவினர்கள் சொன்னதை நான் நம்பியிருந்தேன். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது என்பதையும், எந்த வயதிலும் நீதிமன்றம் முதலில் பார்ப்பது குழந்தையின் நலனையே என்பதையும் அவர்தான் பொறுமையாக விளக்கினார். உடன் வசிக்காத பெற்றோருடன் குழந்தை வீடியோ அழைப்பில் பேச வழி செய்ய வேண்டும் என்று 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதைச் சொல்லி, இரவு ஏழு மணி அழைப்புக்கு எங்களைச் சம்மதிக்க வைத்தார். காய்ச்சல் வந்தால் யார் யாருக்குச் சொல்வது, தீபாவளி எண்ணெய்க் குளியல் யார் வீட்டில், பள்ளிக் கூட்டத்துக்கு யார் போவது என ஒவ்வொன்றையும் கேட்டு எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். பின்னாளில் எங்களுக்குள் சண்டை மூளாமல் காத்தது அந்தத் தாள்தான்.

முதல் மூன்று மாதம் மகள் என் முந்தானையை விடவில்லை. "நீங்க அவ கண்ணுல படாத இடத்துல உக்காருங்கம்மா" என்றார் ஆலோசகர். எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் வெளியே போய் அமர்ந்தேன். ஆறாம் மாதம் ஒரு நாள் கோணல்மாணலான இரட்டைச் சடையுடன் வந்தவள், அப்பா பின்னியது என்று சொல்லி, தூங்கும்வரை என்னை அவிழ்க்க விடவில்லை.

அங்கே போகிறவர்கள் தண்ணீர், தின்பண்டம், ஒரு விளையாட்டுப் பலகை ஆகியவற்றுடன் பள்ளி நாட்காட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் வாய்தாவிலேயே ஆலோசகரைச் சந்திக்கக் கேளுங்கள். சந்திப்பைப் பூங்காவுக்கு மாற்றக் கோரி, நானும் மகளின் அப்பாவும் சேர்ந்தே இப்போது மனு கொடுத்திருக்கிறோம்.