சொட்டு மருந்தும் வெந்நீர்த் துண்டும்: இரண்டரை வருடக் கண் வறட்சி

மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் இருக்கும். காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. உள்ளே மணல் விழுந்த மாதிரி உறுத்தல். பவர் கூடிவிட்டது என்று நானே முடிவுகட்டிப் புதுக் கண்ணாடி வாங்கினேன். காசுதான் போனது. வண்டியில் பின்னால் உட்கார்ந்தாலோ கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். இந்தக் கண்ணைப் போய் வறண்ட கண் என்றால் யார் நம்புவார்கள்?

கண் டாக்டர் கீழிமைக்குள் ஒரு சின்னக் காகிதப் பட்டையைச் செருகி, 5 நிமிடம் கண்ணை மூடச் சொன்னார். 10 மில்லிமீட்டராவது நனைய வேண்டுமாம். எனக்கு 12. தண்ணீருக்குக் குறைவில்லை. அப்புறம் மஞ்சள் சாயம் விட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார். 10 நொடி தாங்க வேண்டிய கண்ணீர்ப் படலம் நான்கே நொடியில் உடைந்துவிட்டது.

கோளாறு எண்ணெயில். இமை விளிம்பில் இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள்தான் கண்ணீர் ஆவியாகாமல் மேலே எண்ணெய் பூசுகின்றன. அவற்றைப் பேணுவது ஆண்ட்ரோஜன். ஆண் ஹார்மோன் என்றாலும் பெண்ணுடம்பிலும் சுரப்பதுதான். வயதாக ஆகக் குறையும். எண்ணெய் கெட்டிப்பட்டால் கண் காய்ந்து எரியும், எரிச்சலில் தண்ணீர் கொட்டும். சரி, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாத்திரை போடலாமா என்றேன். 2001இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 25,000க்கும் மேற்பட்ட பெண்களில், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கே வறட்சி அதிகம் என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதச் சொட்டு, அதாவது செயற்கைக் கண்ணீர். விட்டால் அரை மணி நேரம் சுகம். அந்த ஆசையில் ஒரு நாளைக்கு எட்டு முறை விட்டு, மூன்றே வாரத்தில் கண் சிவந்துபோனது. பாட்டிலில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனத்தின் வேலை. அது இல்லாத, ஒருநாள் பயன்பாட்டுக் குப்பிகளுக்கு மாறினேன். விலைதான் கண்ணைக் கரிக்கிறது.

உண்மையில் கைகொடுத்தது வெந்நீர்த் துண்டு. ஒரே நிமிடத்தில் ஆறிவிடும். திரும்பத் திரும்ப நனைத்துப் பிழிந்து 10 நிமிடம் ஒத்தடம், பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவ வேண்டும். அலுப்புப் பிடித்த வேலை. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் காலையில் இமை ஒட்டுவது நின்றது. ஒரு கல்யாணத்துக்குப் போய் பத்து நாள் விட்டேன், பழையபடி வந்துவிட்டது.

போன மாதம் மறுபடி சாயம் விட்டுப் பார்த்தார்கள்: 7 நொடி. இப்போது ஃபேன் காற்று முகத்தில் அடிக்காமல் கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரருக்குத்தான் தூக்கம் வரவில்லையாம்.