ஊட்டிக் குளிரில் ஆயில் பெயின்டிங்: டேப்லெட் எதுவரை கை கொடுக்கும்?

சமவெளியில் டேப்லெட்டில் முன்வரைவு போடுவது ஒரு வசதி. நீலகிரியில் அது கிட்டத்தட்டக் கட்டாயம். காரணம் எண்ணெய்தான். ஆயில் பெயின்ட்டில் நிறத்தோடு கலந்திருக்கும் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. குளிரும் வெளிச்சக் குறைவும் அந்த வேலையை மந்தமாக்கும். கோவையில் நான்கைந்து நாளில் காயும் டைட்டானியம் ஒயிட், ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில், ஜூலை மூட்டத்தில், இரண்டு வாரமானாலும் பிசுபிசுக்கும். மலைமுகட்டை இரண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளலாமே என்று கேன்வாஸில் யோசித்தால் அதற்கு இரண்டு வாரம் போகும். திரையில் இரண்டு நொடி.

எல்லாவற்றையும் முன்கூட்டியே தீர்த்துக்கொண்டு தூரிகை எடுப்பது பழைய மாஸ்டர்களின் வழிதான். ‘ஏதென்ஸ் பள்ளி’ சுவரோவியத்துக்காக ரஃபேல் தாளில் முழு அளவில் வரைந்த முன்வரைவு (இதற்குக் ‘கார்ட்டூன்’ என்று பெயர்) மிலானின் அம்ப்ரோசியானா அருங்காட்சியகத்தில் இன்னமும் இருக்கிறது. அந்தத் தாளின் இடத்தில்தான் இப்போது டேப்லெட் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற வரைகலை மென்பொருள் போதும். திரையோடு கூடிய டேப்லெட்டும் தேவையில்லை, கணினியோடு இணைக்கும் சாதாரண பேனா டேப்லெட்டே தாராளம். 24×18 அங்குலப் படத்துக்கு 150 டிபிஐயில் (அங்குலத்துக்கு 150 புள்ளி) 3600×2700 பிக்சல். முதலில் கறுப்பு வெள்ளையில் ஐந்தே தொனிகளோடு (வெளிச்ச, இருள் அளவுகளோடு) முடித்துவிடுங்கள். பிறகு, வெளிச்ச அளவை மாற்றும் ‘லெவல்ஸ்’ வசதியில் அவுட்புட் கறுப்பை 0-லிருந்து 30-க்கும், வெள்ளையை 255-லிருந்து 240-க்கும் கொண்டு வாருங்கள். திரை ஒளியை உமிழ்கிறது, பெயின்ட் திருப்பி அனுப்புகிறது. அந்த அளவு கறுப்பும் வெள்ளையும் ட்யூபில் கிடையாது. இதைச் செய்யாதவர்களின் படம் சுவரில் மாட்டியதும் இருண்டு கிடக்கும்.

கேன்வாஸுக்கு மாற்ற புரொஜெக்டர் வேண்டாம். மலை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், கோணம் கொஞ்சம் சாய்ந்தாலும் வரைவு கோணலாகும். லேசர் பிரின்ட் எடுங்கள். நான்கு ஏ3 தாளில் அடங்கிவிடும். இங்க்ஜெட் ஈரத்தில் கசியும். தாளின் பின்புறம் ரா அம்பர் என்ற பழுப்பு ஆயில் கலரை மெல்லத் தேய்த்து, பளபளப்பு போகும்வரை துணியால் துடைத்தெடுங்கள். கேன்வாஸ் மேல் ஒட்டி பால்பாயின்ட் பேனாவால் கோடுகளை அழுத்தினால் மெல்லிய பழுப்புக் கோடு இறங்கும். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் அது சீக்கிரம் காய்ந்து அடிப்படலத்தோடு சேர்ந்துவிடும். ஆபீஸ் கார்பன் பேப்பரை வைத்தால் அதன் மெழுகு பெயின்ட்டை ஒட்டவிடாது. பென்சில் கோடும் ஆபத்து: எண்ணெய்ப் படலம் வருடங்கள் போகப்போகக் கண்ணாடி போல ஊடு தெரிய ஆரம்பிக்கும், கோடு மேலே தெரிய ஆரம்பிக்கும்.

அடிப்படலத்துக்கு டைட்டானியம் ஒயிட்டும் ரா அம்பரும் மட்டும். ஐவரி பிளாக்கை இங்கே தொடாதீர்கள், அது மிக மெதுவாகத்தான் காயும். இந்தப் படலத்தில் மட்டும், பெயின்ட்டைச் சீக்கிரம் காயவைக்கும் ஆல்கைட் மீடியம் கலந்தால் ஊட்டியிலும் மூன்று நாளில் அடுத்த படலத்துக்குப் போகலாம். பஞ்சுருண்டையை உருட்டிப் பார்த்து, நிறம் ஏறாவிட்டால்தான் கிளேஸ், அதாவது கீழ்ப்படலம் தெரியும்படி பூசும் மெல்லிய நிறப்பூச்சு. பளபளப்பான பரப்பில் கிளேஸ் முத்து முத்தாகத் திரண்டால், நறுக்கிய உருளைக்கிழங்கைத் தேய்க்கச் சொல்லும் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. ஊட்டி உருளைக்கிழங்குக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன. அந்த மாவுச்சத்து பூஞ்சைக்குத்தான் விருந்து. துளி எண்ணெயைத் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

திரை கைவிடும் இடம் மூட்டம். தேயிலைச் சரிவின் மேல் திரையில் வெள்ளை லேயரை 20 சதவீத அடர்த்தியில் வைத்தால் செத்த சாம்பல் நிறம் வரும். காய்ந்த கரும்பச்சையின் மேல் டைட்டானியம் ஒயிட்டை, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால், பச்சை தெரியுமளவு மெல்லத் தேய்த்துப் பாருங்கள்: நீலம் துளிகூடக் கலக்காமலே நீலம் பூக்கும். வெள்ளைத் துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன, தொட்டபெட்டா சரிவு தூரத்தில் நீலமாகத் தெரிவது போலவே. திரையை நம்பி அல்ட்ராமரைனையும் சேர்த்தால் மூட்டம் சோப்பு நீர் மாதிரி ஆகிவிடும். கிளேஸ் மட்டும், கீழுள்ள நிறத்தை இருட்டாக்கும் ‘மல்டிப்ளை’ லேயரோடு ஓரளவு ஒத்துப்போகிறது.

குறிஞ்சியும் அப்படித்தான். அது பூத்த 2018-இல் எடுத்த படங்கள் பலவற்றில் அந்த ஊதா நீலமாகவே பதிவாகியிருக்கிறது. திரையில் பிரகாசமாக இருக்கும் ஊதாவை ட்யூபில் தேடாதீர்கள். அல்ட்ராமரைனில் வெள்ளை சேரச் சேர அதன் வீரியம் குறையும். டயாக்ஸசீன் பர்ப்பிள் ஒரு துளி சேர்த்து, சுற்றியுள்ள புல்லை மங்கிய மஞ்சளாக்கினால் பூ தானாக எடுப்பாகத் தெரியும். நிறத்தைத் திரையில் முடிவு செய்யாமல், ஜன்னலோரம் பேலட்டில் முடிவு செய்யுங்கள்.

பருத்திக் கேன்வாஸ் மூட்டத்தில் தொய்ந்து, வெயிலில் விறைக்கும். அதைவிட ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) பூசிய ஒட்டுப்பலகையே நல்லது. அதன் பின்புறத்துக்கும் ஒரு பூச்சு கொடுங்கள், இல்லாவிட்டால் வளையும். ஊர்த் தைலமாயிற்றே என்று டர்பன்டைனுக்குப் பதில் நீலகிரித் தைலத்தை ஊற்றுபவர்கள் உண்டு. தூரிகை கழுவ அருமை; கிளேஸில் மெதுவாக ஆவியாகிக் கீழ்ப்படலத்தைக் கரைக்கும். லின்சீட் தோய்ந்த துணியைக் குவித்து வைத்தால், குளிர்தானே என்று பாராமல், தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய மூடி டின்னில் போடுங்கள்.

வார்னிஷை மட்டும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காய்ந்த நாட்களுக்கு ஒதுக்குங்கள். படம் முடிந்து ஆறு மாதமாவது போக வேண்டும். வெயில் ஏறிய பிறகு, பலகையை அறையின் சூட்டுக்குக் கொண்டு வந்து பூசுங்கள். மூட்டத்தில் பூசினால் வெள்ளைப் புகை படிந்தாற்போல் மங்கும். அதை வழித்தெடுத்துவிட்டு மறுபடி பூசுவதைத் தவிர வழியில்லை.