கல்லடிப் பாலத்தடியில் கதுலு: இருபது முகப் பகடைக்கு மாறிய பழைய விளையாட்டு

அத்தான் போன வருடம் லண்டனிலிருந்து வந்தபோது பெட்டிக்குள் ஒரு பழைய புத்தகம் கொண்டுவந்து தந்தார். ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் பயக் கதை விளையாட்டான ‘கோல் ஒஃப் கதுலு’வின் டி20 (இருபது முகப் பகடை) பதிப்பு, 2002இல் வந்தது. எனக்குச் சோறு போடுவது பைண்டிங் வேலை. அதனால் அட்டைப் படத்துக்கு முன்னால் முதுகைத்தான் திருப்பிப் பார்த்தேன். கெட்டி அட்டை. நடுவில் விரித்து வைத்தால் அப்படியே கிடக்கிறது, தானாக மூடிக்கொள்ளவில்லை. மட்டக்களப்பு வாவிக் காற்றில் எங்கள் பக்கம் புத்தகங்களுக்கு ஆயுள் குறைவு. வந்து ஒன்பது மாதம், கிழமைக்கு ஒருமுறை நாலு பேர் கை பட்டும் ஒரு தாள் கழலவில்லை. கட்டுக்கு முழு மதிப்பெண்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மூல விளையாட்டு 1981இல் கேயோசியம் நிறுவனம் வெளியிட்டது, எழுதியவர் சான்டி பீட்டர்சன். இதில் நீங்கள் வீரனோ மந்திரவாதியோ இல்லை, சாதாரண மனிதர். கேள்வி கேட்டு, பழைய ஆவணம் கிளறி, பார்க்கக்கூடாததைப் பார்த்து, கடைசியில் செத்துப் போவீர்கள், அல்லது புத்தி பேதலித்துப் போவீர்கள். எல்லாம் சதவீதக் கணக்கு. படம் பிடிக்கும் திறன் 35 என்றால் நூறுக்கு 35 அல்லது அதற்குள் உருட்ட வேண்டும், அவ்வளவுதான்.

2000இல் இதே வகையில் வீரனும் மந்திரவாதியுமாக ஆடும் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் மூன்றாம் பதிப்பு வந்து, அதன் அடிப்படை விதிகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பழைய விளையாட்டுகள் பலவும் இருபது முகப் பகடைக்கு மாறின. ‘கதுலு’வின் இந்தப் பதிப்பைக் கேயோசியத்திடம் உரிமம் வாங்கி, ‘டிராகன்ஸ்’ வெளியிட்ட விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனமே வெளியிட்டது. எழுதியவர்கள் மொன்டி குக்கும் ஜோன் டைன்ஸும்.

எங்கள் கூட்டத்துக்கு ‘டிராகன்ஸ்’ பழக்கம். அதனால் விதி சொல்லிக்கொடுக்க அரை மணித்தியாலம்கூடப் போகவில்லை. பகடையை உருட்டு, திறனைக் கூட்டு, இலக்கைத் தாண்டினாயா பார். மதகுருவும் திருடனும் போல கிளாஸ், அதாவது பாத்திர வகை, எதுவும் இங்கே கிடையாது. தாக்குதல் பக்கமா, தற்காப்புப் பக்கமா என்று ஒன்றைத் தெரிவு செய்துவிட்டு, தொழிலுக்கு ஏற்ற திறன்களை எடுத்துக்கொள்ளலாம். இந்த இடத்தில் எழுதியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அப்போதிக்கரிக்குப் போர்வீரன் சட்டையை மாட்டிவிடாமல் காப்பாற்றிவிட்டார்கள்.

கதையை நான் 1924இல் வைத்தேன். லேடி மனிங் பாலம், அதாவது நாங்கள் கல்லடிப் பாலம் என்று சொல்லுகிற பழைய இரும்புப் பாலம், திறந்த வருடம். பாத்திரங்கள் இவர்கள்தான்: பாலம் வந்ததால் பிழைப்புப் போகிற தோணிக்காரன் ஒருவன், ஆஸ்பத்திரி அப்போதிக்கரி, மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நில அளவையாளர். பாலத்தின் தூண் இறங்கிய இடத்தில் ஏதோ விழித்துக்கொண்டது. ஊரார் பாடும் மீன் என்று சொல்வது மீனே இல்லை. முடிச்சு அதுதான்.

1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், வாவியில் கேட்ட அந்தச் சத்தத்தை ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஒலிக்கு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். பெரியம்மாவின் அலுமாரியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து மடியில் வைத்திருந்தேன். தோணி நடு வாவிக்கு வந்த நேரம், நல்லகாலத்துக்குக் கரண்டும் போனது. விரலை நனைத்து மெல்லத் தேய்த்தேன். மேசையில் ஒருவரும் கதைக்கவில்லை. உள் அறையிலிருந்து பெரியம்மாதான், “என்ன சத்தம் மனே அது?” என்றார்.

இது எந்த விதிமுறையிலும் வேலை செய்திருக்கும். ஆனால் அடுத்து நடந்தது இந்தப் புத்தகத்தால்தான் நடந்தது. பாலத்துக் காவல்காரன் இருட்டில் பயந்து துவக்கால் சுட்டான். தோணிக்காரனுக்கு 20 உயிர்ப்புள்ளி (அடி வாங்க வாங்கக் குறையும் கணக்கு), சேதம் 11. அவனை ஆடிய நண்பன் சிரித்துக்கொண்டே கணக்கைக் குறிக்கப் போனான், “ஒன்பது மிச்சம் மச்சான்.” பொறு என்றேன். ‘டிராகன்ஸ்’ மூன்றாம் பதிப்பில் ஒரே அடியில் 50 புள்ளி போனால்தான் அந்த இடத்திலேயே சாகும் ஆபத்து. இங்கே அதை 10 ஆகக் குறைத்துவிட்டார்கள். உடல் தாங்குமா என்று உருட்ட வேண்டும், 15 வேண்டும். எல்லாம் கூட்டி 14 வந்தது. அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒற்றை எண்ணை மாற்றி ஒரு விளையாட்டின் சுபாவத்தையே மாற்றியிருக்கிறார்கள். புத்தகத்தின் ஆகச் சிறந்த இடம் என்று நான் சொல்வது இதைத்தான்.

சானிட்டி என்கிற கணக்கும் பழையபடியே இருக்கிறது. நாங்கள் அதைச் சித்தம் என்கிறோம். விவேக எண்ணை ஐந்தால் பெருக்கினால் தொடக்கச் சித்தம், பயங்கரத்தைக் காணும்போதெல்லாம் கரையும். மந்திரம் செய்தால் உடலும் சித்தமும் சேர்ந்தே தேயும். மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் சொல்லும் பழைய பகிடியைப் பிடித்து, அந்த மந்திரத்தையே விதிக்குள் எழுதிவைத்தேன். ஒட்டவைப்பவருக்கும் நட்டம் உண்டு என்றதும் அளவையாளருக்கு ஒரே சந்தோஷம்.

இனிக் குறை. ஆட ஆடப் பாத்திரம் ஏறிப்போகும் படி, அதாவது லெவல். மூல விளையாட்டில் உங்கள் உயிர்ப்புள்ளி பெரும்பாலும் 11, 12, கடைசிவரை அதேதான். இங்கே ஒவ்வொரு லெவலுக்கும் ஓர் ஆறு முகப் பகடை கூடிக்கொண்டே போகிறது. ஆறாவது லெவலில் வாத்தியார் சண்டியன் மாதிரி நடக்கத் தொடங்கினார். தாங்கும் உருட்டலும் கூடவே ஏறுவதால் அந்த 15இன் பயமும் போய்விட்டது. இருட்டறைக் கதவைத் திறக்க முன்பெல்லாம் பத்து நிமிடம் வாதாடியவர்கள், இப்போது காலால் உதைத்துத் திறக்கிறார்கள்.

அதைவிட எனக்குக் கசந்தது திறன் வளரும் விதம். மூலத்தில் நீங்கள் வெற்றியாகப் பயன்படுத்திய திறனுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் போடுவீர்கள். கதை முடிந்ததும் நூறுக்கு உருட்டி, இருக்கிற எண்ணுக்கு மேலே வந்தால் திறன் கூடும். அதாவது தெரியாதவனுக்குக் கற்பது சுலபம், தெரிந்தவனுக்குக் கஷ்டம். எவ்வளவு அழகான விதி! டி20இல் லெவல் ஏறினால் கையில் புள்ளி வரும், விரும்பிய இடத்தில் போடலாம். செத்தவனுக்குப் பதிலாக வந்த இரண்டாவது தோணிக்காரன் நாலு கிழமை வாவியில் எதையெதையோ ஈட்டியால் குத்திவிட்டு, திடீரென்று ஆவணம் தேடுவதில் கெட்டிக்காரனாகிவிட்டான். துடுப்புப் போட்ட கைக்கு அந்த எழுத்து எங்கிருந்து வந்தது? கேட்டால் விதி என்கிறார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். இணையத்தில் வாங்கிய பகடை செட்டில் இருபது முகக் காயில் 17 இரண்டு தடவை இருந்தது, 4ஐக் காணவில்லை. எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 21 வர வேண்டும், வாங்கினால் அதை முதலில் பாருங்கள். நாங்கள் மூன்று கிழமை அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

‘டிராகன்ஸ்’ ஆடிப் பழகியவர்களைப் பயக் கதைக்குள் இழுக்க இந்தப் பதிப்பு போதும். மூன்றாம் நாலாம் லெவலோடு கதையை முடித்துவிடுங்கள். பகடையே புதிதென்றால் மூலத்துக்குப் போங்கள். நூற்றுக்கு எத்தனை என்றால் பெரியம்மாவுக்கும் விளங்கும். என் பிரதியை இரவல் கேட்க வேண்டாம். கடைக்கு வந்தால் பசை காயும் நேரத்தில் மேசையில் வைத்துப் புரட்டிப் பார்க்கலாம், தேத்தண்ணி மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள்.