லட்சத்தீவா, அந்தமானா? காரைக்குடியிலிருந்து பை தூக்கிக் கிளம்புபவர்களுக்கு

தூரத்தை மட்டும் பார்த்தால் நமக்கு லட்சத்தீவுதான் பக்கம். கொச்சியில் கப்பல் ஏறினால், போகும் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அந்தமானுக்கோ சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அப்படியிருந்தும் குறைந்த காசில் தீவு தீவாகச் சுற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு நான் அந்தமானைத்தான் சொல்வேன்.

காரணம் பெர்மிட். லட்சத்தீவுக்குள் போக நம் நாட்டவருக்கே பெர்மிட் வேண்டும். தீவில் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் பெரும்பாலும் பேக்கேஜில்தான் போக வேண்டியிருக்கும். எங்கே தங்குவது, எத்தனை நாள் என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிடும். மலிவாக ஓர் அறை கண்ணில் பட்டது, இன்னும் இரண்டு நாள் இருப்போம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. செலவு ஏறுவதும் அங்கேதான். பவளத்திட்டு அணைத்து நிற்கும் அந்தத் தெளிந்த நீருக்கு ஈடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். காசு சேர்த்துக்கொண்டு குடும்பத்தோடு போக வேண்டிய இடம் அது.

அந்தமானில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் மூன்றுக்கும் நமக்குப் பெர்மிட் வேண்டாம். 2018-இல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு, நீல் ஷாஹீத் தீவு ஆயின. 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் இன்னும் பழைய பெயர்கள்தான். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, வழி கேட்கக்கூடத் தமிழே போதும். நீல் சின்னத் தீவு, வாடகை சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனால், லட்சுமண்பூர் பக்கம் இருக்கும் பாறை வளைவுவரை நடந்தே போகலாம். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் விரல் நீளத்துக்குக் கூட இல்லாத மீன்கள் விளையாடும். எனக்கு ஒரு காலை முழுக்க அங்கேயே போனது.

கப்பலில் போவதென்றால் அடுக்குப் படுக்கைகள் இருக்கும் பங்க் வகுப்புதான் மலிவு. தினமும் கப்பல் கிடையாது, தேதி பார்த்து லீவு போடுங்கள். எனக்கு இரண்டாம் நாள் குமட்டல் எடுத்தபோது கைகொடுத்தது ஆச்சி கட்டிக்கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய். சீப்புச் சீடையும் ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள், ஊர் திரும்பும்வரை கெடாது.

அப்புறம், தீவுக்குத் தீவு போக அரசுப் படகுதான் மலிவு. தனியார் படகில் கட்டணம் அதிகம். கடல் கொந்தளித்தால் எந்தப் படகும் ஓடாது. அதனால் திரும்புவதற்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருங்கள்.