ராயக்கோட்டை மலை ஏறப் போகிறீர்களா? அடிவாரத்தைப் பற்றிக் கொஞ்சம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பழைய கோட்டை இருக்கிற ராயக்கோட்டை மலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அடிவாரத்தில்தான். லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் குழந்தை குட்டியோடு போக நினைத்தால் உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு, இருப்பது டொராண்டோவில். ஓசூர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அந்த மொட்டைப் பாறையைப் பார்த்திருக்கிறேனே தவிர, ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இந்தத் தடவை அண்ணன் மகன் விடவில்லை. கார் வேண்டாம், பஸ்ஸிலேயே போவோம் என்றது மட்டும் நான்.

அது நல்ல முடிவுதான். மாரண்டஹள்ளி வரைக்கும் டவுன் பஸ், அங்கே இறங்கி வேறு பஸ். டவுன் பஸ்ஸில் நான் பணத்தை நீட்ட, கண்டக்டர் வாங்கவே இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பது தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்து அதை அனுபவிப்பது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "நான் வெளியூருங்க" என்று இழுத்தேன். "எந்த ஊரா இருந்தா என்னம்மா, பஸ்ஸுல ஏறிட்டீங்க இல்ல, உட்காருங்க" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் மகன் மட்டும் காசு கொடுத்தான். பக்கத்தில் இருந்த அம்மா போனில் தெலுங்கிலும் என்னிடம் தமிழிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டே வந்தார். இந்தப் பக்கத்துக்கு அது சகஜம்.

ராயக்கோட்டையில் இறங்கி முதலில் தேடியது கழிவறை. மலை அடிவாரத்தில் என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. கேட்ட இடத்தில் கையைக் காட்டினார்களே தவிர யாரும் வழி சொல்லவில்லை. கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில் சாவி வாங்கிப் போய் வந்தேன். பெண்கள் இதை முதலிலேயே திட்டமிட்டுக்கொள்ளுங்கள். மேலே ஏறி இறங்க அரை நாள் ஓடிவிடும்.

அடுத்தது பணம். டீக்கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், காலை ஏழு மணிக்கு அவர் சில்லறைக்கு எங்கே போவார்? "ஜிபே பண்ணிடுங்கக்கா" என்றார். கனடா நம்பரை வைத்தே என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் வங்கிக் கணக்கு) யுபிஐ போடலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் என் வங்கிக் கிளையில் அதைக் கேட்டபோது, கவுன்டரில் இருந்தவர் ஆதாரோடு உள்ளூர் நம்பரைச் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லி, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். விதி டெல்லியில் இருக்கிறது, கவுன்டர் இங்கே இருக்கிறது. ஆகவே பத்து, இருபது, ஐம்பதாகச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்வதுதான் வழி. எனக்கு அன்று முழுக்க அண்ணன் மகன்தான் வங்கி.

ஏறுகிற இடத்தில் தொல்லியல் துறையின் நீலப் பலகை இருக்கிறது. 1958-ஆம் வருடச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை என்கிற வழக்கமான வாசகம். 2010-இல் சட்டத்தைத் திருத்தி, தண்டனையை இரண்டு வருடச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை ஏற்றினார்கள். அதற்காக ஒருவரும் பயந்த மாதிரி தெரியவில்லை. கொஞ்சம் மேலே போனால் சுவரில் வெள்ளை பெயின்ட்டில் காதலர் பெயர்கள், அம்பு விட்ட இதயத்தோடு. இந்தக் கோட்டை யாருடையது, எந்த வழியாக ஏற வேண்டும், எவ்வளவு நேரமாகும் என்பதற்கு ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை.

தெரிந்ததை நானே சொல்கிறேன். பாரா மகால் என்று அந்தக் காலத்தில் அழைத்த கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துச் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறும் கணவாயைக் காக்கிற கோட்டை இது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் கைவசம் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில், மேஜர் கௌடி தலைமையிலான ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடித்தது. அடுத்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் பாரா மகால் முழுவதுமே கம்பெனி வசம் போனது. 1799-இல் திப்புவின் தலைநகரை நோக்கிப் போன ஜெனரல் ஹாரிஸின் படை முகாமிட்டதும் இந்தப் பக்கத்தில்தான். மேலே நின்று பார்த்தால் ஏன் இந்த இடத்துக்கு இத்தனை அடிதடி என்று புரியும். ஒரு பக்கம் தாழ்ந்த சமவெளி, இன்னொரு பக்கம் ஓசூர் மேடு, நடுவில் ரோடும் ரயில் பாதையும். யார் வந்தாலும் தெரியும்.

ஏற்றம் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் படிக்கட்டு, பரவாயில்லை. அப்புறம் பாறையிலேயே வெட்டிய படிகள். பாதி தேய்ந்து, பாதம் முழுசாகப் பதியாத அளவு குறுகல். சில இடத்தில் அதுவும் கிடையாது, வெறும் சரிவுப் பாறைதான். ரப்பர் செருப்போடு வந்த பையன்கள் ஓடி ஏறினார்கள். விலை உயர்ந்த ஷூ போட்ட நான் தவழ்ந்தேன். இரண்டு பக்கமும் மஞ்சம்புல் இடுப்பளவு. குரங்குகள் பிளாஸ்டிக் பை சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருக்கின்றன, தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள்.

நான் அதிக நேரம் நின்றது சுவர்களுக்கு முன்னால். பெரிய கற்களைச் சாந்து வைக்காமலே ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள், மேலே மட்டும் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கைப்பிடிச் சுவர், அதில் துப்பாக்கி நீட்டும் துளைகள். பக்கத்துப் பாறை ஓரத்தில் வரிசையாகச் சின்னக் குழிகள். உளியால் குழி வெட்டி, ஆப்பு அடித்துப் பாறையைப் பிளந்த தடம் அது. குழி வெட்டி முடித்தும் பிளக்காமல் விட்ட ஒரு பாறை அப்படியே கிடக்கிறது. குழிக்குள் விரலை விட்டால் இரண்டு கணு வரை போகிறது, உள்ளே உளியின் கோடுகள் இன்னும் நெருடுகின்றன. மதிலுக்கான கல்லை வெளியிலிருந்து தூக்கி வரவில்லை, மலையையே உரித்து மலைமேல் அடுக்கியிருக்கிறார்கள்.

உச்சியில் இடிந்த கட்டடங்களும் சுனைகளும் இருக்கின்றன. சுனையில் தண்ணீர் உண்டு, பச்சையாக. குடிக்கிற தண்ணீர் அல்ல. ஆளுக்கு இரண்டு லிட்டராவது சுமந்துதான் ஆகவேண்டும். பீர் பாட்டில் சில்லுக்குப் பஞ்சமில்லை, வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

இறங்கும்போது சறுக்கி என் முழங்கால் சிராய்த்துவிட்டது. டொராண்டோவில் அவசர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்காகக் காத்திருந்து பழகியவள், அதனால் இங்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவே தயங்கினேன். போனால், சீட்டு எழுதி, நர்ஸம்மா புண்ணைக் கழுவி மருந்து வைத்து, டிடி ஊசியும் போட்டு, வெளியே வர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பைசா கேட்கவில்லை. பாஸ்போர்ட்டையும் கேட்கவில்லை. "மலைக்குப் போனீங்களா? வயசான காலத்துல எதுக்கும்மா" என்று மட்டும் கேட்டார். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, சரி போகட்டும்.

வனத்துறை 2024 அக்டோபரில் நாற்பது மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் முன்பதிவு, வழிகாட்டியோடு தொடங்கியது. அதே மாதிரி இங்கேயும் கட்டணம் வைத்து, ரோப்காரும் போட்டால் என்ன என்றான் அண்ணன் மகன். எனக்கு அதில் சம்மதமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசில்லாமல் ஏறுகிற மலை இது, அப்படியே இருக்கட்டும். கீழே பூட்டாத ஒரு கழிவறை, ஒரு குடிநீர்க் குழாய், வழியையும் வரலாற்றையும் தமிழில் சொல்கிற ஒரு பலகை, இவ்வளவு போதும்.

போவதென்றால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். சித்திரை வெயிலில் பாறை தோசைக்கல்தான். விடிந்ததும் ஏற ஆரம்பித்தால் பத்து மணிக்குள் இறங்கிவிடலாம். முட்டிவலி உள்ள பெரியவர்களைப் படிக்கட்டு முடிகிற இடத்தோடு நிறுத்திவிடுங்கள்; கோட்டைச் சுவரை அங்கிருந்தே அண்ணாந்து பார்க்கலாம்.